37 நாட் என்று போட்டதும் பிரீமியம் ஏறுகிறது: படகின் வேகத்துக்கும் காப்புறுதிக்கும் என்ன கணக்கு?

வதிரிப்பொடியன் (சவுத்தாம்ப்டன், இங்கிலாந்து):

எல்லோருக்கும் வணக்கம். மாசி மாதம் பாவித்த ரிப் படகு ஒன்று வாங்கினேன். 5.8 மீட்டர் நீளம், அடிப்பகுதி ஃபைபர் கிளாஸ், சுற்றிவரக் காற்றுக் குழாய், பின்னால் 115 குதிரைவலு அவுட்போர்ட் எஞ்சின். இப்போது வீட்டு முன்றலில் டிரெய்லரில் நிற்கிறது. கோடை வந்தால் பூல் துறைமுகத்துக்கு இழுத்துக்கொண்டு போய் இறக்கி, ஸ்டட்லண்ட் குடாவில் நங்கூரம் போட்டு, கொண்டுபோன சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு வருவது. எங்கள் கடலோட்டம் அவ்வளவுதான்.

காப்புறுதிக்கு இணையத்தில் படிவம் நிரப்பினேன். படகின் பெறுமதி, எஞ்சின் வலு, எங்கே நிறுத்துகிறேன், என்ன பூட்டு போட்டிருக்கிறேன் எல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் 'படகின் அதிகபட்ச வேகம்' என்று ஒரு கட்டம். 25 நாட் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல், 1.85 கிலோமீட்டர்) என்று போட்டுப் பார்த்தேன், ஆண்டுக்கு 288 பவுண் காட்டியது. விற்றவரின் விளம்பரத்தில் 37 நாட் என்று இருந்தது. அதைப் போட்டால் 384. ஒரு எண்ணை மாற்றியதற்கு 96 பவுண்! இரண்டுக்கும் 'வேகப் படகு நிபந்தனை' என்று ஒரு பக்கம் வேறு ஒட்டிக்கொண்டு வருகிறது.

பூல் துறைமுகத்துக்குள் 10 நாட்டுக்கு மேல் ஓடக்கூடாது. வெளியே போனாலும் 20ஐத் தாண்டினால் மனைவி தோளில் தட்டுவார். பிறகு ஓடாத வேகத்துக்கு நான் ஏன் காசு கட்டவேண்டும்? 25 என்று போட்டால் அது பொய்யா?

இன்னொன்று. என் மச்சான் தேம்ஸ் நதியில் டீசல் குரூசர் ஒன்று வைத்திருக்கிறார். விலை என் படகைப்போல மூன்று மடங்கு. அவர் கட்டும் பிரீமியம் என்னுடையதைவிடக் கொஞ்சம்தான் கூட. இது எந்த ஊர் நியாயம்?

ஜெட்ஸ்கி வேலன்:

ப்ரோ, 25 என்றே போடுங்கள். கடலில் யார் ஸ்பீடு கன் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள்? இந்த நாட்டில் கடலில் ஓடும் சொந்தப் படகுக்கு இன்சூரன்ஸ் எடுத்தே ஆகவேண்டும் என்று பொதுவான சட்டம்கூட இல்லை. மரினாக்காரர்களும் (படகுத் தரிப்பிடம் நடத்துபவர்கள்) துறைமுகக்காரர்களும் சான்றிதழ் கேட்பதால்தான் எடுக்கிறோம். அந்தத் தாளைக் காட்ட 288 போதும்.

பழைய கிளெயிம் மேசை:

தம்பி, வேலன் சொன்னதைச் செய்யவேண்டாம். காப்புறுதி கட்டாயமில்லை என்பது மட்டும் சரி. மிச்சம் வம்பு.

நான் லண்டனில் கடல் காப்புறுதி அலுவலகம் ஒன்றில் இழப்பீட்டுக் கோப்புகளைப் பார்த்தே தலை நரைத்தவன். ஓய்வு பெற்றாயிற்று. ஆனாலும் 'யார் அளக்கப் போகிறார்கள்' என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் பேனாவைத் தேடுவேன்.

அளப்பார்கள், தம்பி. படகு உடைந்த பிறகு. சேதத்தைப் பார்வையிடும் சர்வேயர் வந்தால் முதலில் படகில் அடித்திருக்கும் தகட்டைப் படம் எடுப்பார். எஞ்சினின் தொடர் இலக்கத்தை எழுதிக்கொள்வார். ப்ரொப்பெல்லரைத் தடவிப் பார்த்து அதில் பொறித்திருக்கும் பிட்ச் எண்ணை, அதாவது ஒரு சுற்றுக்கு அது முன்னேறும் அங்குலக் கணக்கை, குறிப்பார். பல ஜி.பி.எஸ் கருவிகள் அதுவரை ஓடிய உச்ச வேகத்தைத் தாமாகவே சேமித்து வைத்திருக்கும், அதையும் பார்ப்பார். நீர் வாங்கிய விளம்பரமும் இணையத்தில் எங்கேயாவது கிடக்கும்.

அடுத்தது, கேள்வியைத் திருப்பி வாசியும். 'நீர் எவ்வளவு வேகமாக ஓடுவீர்' என்று அவர்கள் கேட்கவில்லை. 'படகு எவ்வளவு ஓடும்' என்றுதான் கேட்கிறார்கள். இதற்கு ஒரு பழைய வேர் உண்டு. லண்டன் சந்தையில் 1985 நவம்பர் 1 தேதியிட்ட யாட் (உல்லாசப் படகு) நிபந்தனைகள் என்று ஒரு தொகுப்பு இருக்கிறது. உலகின் பல மூலைகளில் எழுதப்படும் பாலிசிகளுக்கு அதுதான் அடித்தளம். அதில் படகுக்காரர் ஓர் உறுதி கொடுக்கிறார்: படகின் வடிவமைப்பு வேகம் 17 நாட்டைத் தாண்டாது என்று. மணிக்கு 31 கிலோமீட்டரும் சொச்சமும். அதைத் தாண்டும் படகு என்றால் காப்புறுதிக்காரர் சம்மதித்து அந்த உறுதியை வெட்டிவிடவேண்டும். வெட்டியதும் 19ஆம் பிரிவு, அதாவது வேகப் படகுப் பிரிவு, உள்ளே வந்து உட்காரும். உமக்கு ஒட்டிக்கொண்டு வந்த பக்கம் அதுவோ, அதன் பேரனோதான். இப்போது பல நிறுவனங்கள் சொந்த வாசகம் எழுதுகின்றன, வேக எல்லையை வேறு இடத்தில் போடுகின்றன. ஆனால் சிந்தனை அங்கிருந்து வந்ததுதான்.

மச்சானின் டீசல் குரூசர் எட்டு நாட் ஓடினால் பெரிய விஷயம். அது 17க்குக் கீழே. விலை கூடிய படகு என்பதால் பெறுமதிக்கு ஏற்பக் கட்டுகிறார், ஆனால் அவருடைய விகிதம் உம்முடையதைவிடக் குறைவு. மெதுவாக ஓடும் படகு சுவரில் உரசினால் பெயின்ட் போகும். பெரும்பாலும் அத்தோடு சரி.

சரி, 25க்கும் 37க்கும் அப்படி என்ன வித்தியாசம்? மோதும் சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. 25இலிருந்து 37க்குப் போனால் வேகம் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை, மோதும் சக்தி இரண்டு மடங்கைத் தாண்டிவிடுகிறது. 37 நாட்டில் படகு ஒரு விநாடிக்கு 19 மீட்டர் போகும். பேர்பெக் கரையோரம் சிங்க இறால் கூடுகளுக்குப் போட்டிருக்கும் மிதவைகள் உமக்குத் தெரிந்திருக்கும். சில நேரம் வெறும் பழைய பிளாஸ்டிக் கேன்தான். சின்ன அலை இருந்தால் 60 மீட்டருக்கு முன்னால்தான் கண்ணில் படும். மூன்று விநாடி. அதற்குள் பார்த்து, புரிந்து, திருப்பவேண்டும். 37இல் சட்டென்று திருப்பினால் மிதவையைத் தப்புவீர், பக்கத்தில் இருந்தவர் தண்ணீரில் இருப்பார்.

காப்புறுதிக்காரர் உண்மையில் பயப்படுவது அந்த ஆளுக்குத்தான், படகுக்கு அல்ல. படகு முழுதாகப் போனாலும் அதன் பெறுமதியோடு கணக்கு முடியும். ஒருவருக்கு முள்ளந்தண்டு உடைந்தால் அந்தக் கோப்பு வருடக்கணக்கில் திறந்தே கிடக்கும். 2013 மே மாதம் கார்ன்வாலில் பாட்ஸ்டோவுக்கு அருகே நடந்ததை இங்கே படகு வைத்திருப்பவர்கள் எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள். 8 மீட்டர் ரிப் ஒன்று வேகத்தில் திரும்பியபோது முழுக் குடும்பமும் கடலில் தூக்கி வீசப்பட்டது. ஓட்டியவரின் உடம்பில் கில் கார்ட், அதாவது ஓட்டுபவர் விழுந்தால் எஞ்சினை நிறுத்திவிடும் கயிறு, மாட்டியிருக்கவில்லை. ஆளில்லாத படகு முழு வேகத்தில் சுற்றிச் சுற்றி வந்து அவர்கள் மேலேயே ஏறியது. தந்தையும் எட்டு வயது மகளும் இறந்தார்கள். மற்றவர்களுக்குப் பெரிய காயங்கள். அந்தச் சிவப்புச் சுருள் கயிற்றைத் தொடையில் மாட்டிவிட்டுத்தான் எஞ்சினைத் திருகவேண்டும், தம்பி. காப்புறுதிக்காக இதைச் சொல்லவில்லை.

பிரீமியத்தை விடும், 96 பவுண் பெரிய காசு இல்லை. அந்த 'ஒட்டிக்கொண்டு வந்த பக்கத்தை' வாசித்தீரா? என் மேசையில் சண்டை நடந்தது அதைப் பற்றித்தான், வேகத்தைப் பற்றி அல்ல. 1985 வாசகத்தில் இருப்பதைச் சொல்கிறேன், உம்முடையதோடு ஒப்பிட்டுக்கொள்ளும்.

படகு ஓடும்போது உரிமையாளரோ தகுதியான வேறொருவரோ படகில் இருந்து அதைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கவேண்டும். இதில் யாருக்கும் சிக்கலில்லை. பந்தயமோ வேகச் சோதனையோ ஓடினால் ஒன்றும் கிடையாது. சுக்கான், தண்டு, ப்ரொப்பெல்லர் ஆகியவை அலையாலோ தண்ணீருக்குள் எதிலாவது பட்டோ சேதமானால் காசு இல்லை. இன்னொரு படகிலோ இறங்குதுறையிலோ மோதினால்தான் உண்டு. அதாவது அந்த இறால் கூட்டுக் கயிறு ப்ரொப்பெல்லரைத் தின்றுவிட்டால் அது உமது செலவு. உள்ளே எஞ்சின் வைத்த படகு என்றால் தானியங்கித் தீயணைப்பு வேண்டும், இல்லாவிட்டால் ஓட்டும் இடத்தில் இருந்தே இயக்கக்கூடியதாவது இருக்கவேண்டும். உமக்கு அவுட்போர்ட், அது வராது.

உமக்கான பொறி ஸ்டட்லண்டில் இருக்கிறது. பாதுகாப்பில்லாத திறந்த கரைக்கு அப்பால் படகை நங்கூரத்தில் ஆளில்லாமல் விட்டுவிட்டுப் போய், அது கரை தட்டினாலோ, தண்ணீர் நிரம்பினாலோ, அறுத்துக்கொண்டு போனாலோ இழப்பீடு இல்லை. ஸ்டட்லண்ட் குடா மேற்குக் காற்றுக்குக் குளம் போலக் கிடக்கும். காற்று கிழக்குக்குத் திரும்பினால் நேரே வாய்க்குள் அடிக்கும். காலையில் எல்லோரும் முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கரைக்குப் போய்விடுவார்கள், பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம், பெரியவர்களுக்குத் தேநீர். பின்னேரம் வந்து பார்த்தால் படகு பின்பக்கத்தைக் கரைக்குக் கொடுத்துக்கொண்டு, ஒவ்வோர் அலைக்கும் ஒரு வாளி தண்ணீர் ஏற்றிக்கொண்டிருக்கும். எஞ்சின் உப்புத் தண்ணீருக்குள். படகைத் தொட்டுப் பேசும் தூரத்தில்தான் இருந்தோம் என்று எழுதுவார்கள். படம் அனுப்புவார்கள். படத்தில் படகில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். ஆகவே ஒருவரைப் படகில் விட்டுவிட்டு ஐஸ்கிரீம் வாங்கும், அல்லது அந்த நிபந்தனையை நீக்கித் தரும் நிறுவனம் எது என்று கேளும். 96 பவுண் மிச்சம்பிடிக்கும் நேரத்தில் இதைக் கேட்டால் பலன் அதிகம்.

அடுத்து திருட்டு. வேகம் ஏறும்போது பிரீமியம் ஏறுவதில் ஒரு பங்கு இதற்குத்தான் போகிறது. படகை வேகமாக ஓட வைப்பது எதுவோ அதைத்தான் கள்ளனும் கழற்றுகிறான். அந்த நிபந்தனைகளின்படி அவுட்போர்ட், வழக்கமாகப் பொருத்தியிருப்பதற்கு மேலதிகமாக ஒரு திருட்டுத் தடுப்புப் பூட்டோடு இருக்கவேண்டும். முன்றலில் நிற்பதால் டிரெய்லருக்குச் சக்கரப் பூட்டும் கேட்பார்கள். தானாகக் கழன்று கடலில் விழுந்த அவுட்போர்ட்டுக்கு ஒன்றும் கிடையாது.

இனி பொய்க் கணக்கு. இங்கிலாந்தில் தனிநபர் காப்புறுதிக்கு 2012ஆம் ஆண்டுச் சட்டம், 2013 ஏப்ரல் 6 முதல் நடைமுறையில் இருக்கிறது. கேட்ட கேள்விக்குத் தவறான தகவல் போகாமல் நியாயமான கவனம் எடுக்கவேண்டும் என்பது உமது கடமை. கவனக்குறைவால் பிழையாகப் போட்டிருந்தால், கட்டிய பிரீமியத்துக்கும் கட்டியிருக்கவேண்டிய பிரீமியத்துக்கும் உள்ள விகிதத்தில் இழப்பீட்டைக் குறைக்கலாம். 288ஐ 384ஆல் வகுத்தால் முக்கால். 8,000 பவுண் சேதத்துக்கு 6,000 வரும். 96ஐ மிச்சம்பிடித்து 2,000ஐ விடுவீர். ஆனால் வேண்டுமென்றே சொன்ன பொய் என்று நிரூபித்தால் பாலிசியையே இல்லாததாக்கி, கட்டிய காசையும் வைத்துக்கொள்ளலாம். நீர் இங்கே பகிரங்கமாக 37 என்று எழுதிவிட்டு அங்கே 25 என்று போட்டால், அதைக் கவனக்குறைவு என்று நானே வாதாட மாட்டேன்.

குறைக்கவேண்டுமென்றால் நேர்வழிகள் உண்டு. ஆர்.ஒய்.ஏ (பிரிட்டனின் படகோட்டச் சங்கம்) தரும் பவர்போட் இரண்டாம் நிலைச் சான்றிதழ் எடும். இரண்டு நாள் படிப்பு, பல நிறுவனங்கள் அதற்குக் கழிவு தரும். குளிர்காலத்தில் படகு கடலில் இறங்காது என்று மாதங்களைக் குறிப்பிட்டுக் கொடும். சேதம் வந்தால் முதல் கொஞ்சப் பணம் நான் போடுகிறேன் என்று உமது பங்கைக் கூட்டிக்கொள்ளும். ஓட்டுபவர்களின் வயதுக்கு எல்லை போட்டாலும் சிலர் குறைப்பார்கள், ஆனால் பிறகு பதினெட்டு வயதுப் பெடியனிடம் ஸ்டியரிங்கைக் கொடுத்துவிட்டு வந்து அழக்கூடாது.

கொச்சித் துறைக்காரன்:

அய்யா விளக்கமாகச் சொல்லிவிட்டார். நான் நாகர்கோவில்காரன், கொச்சியில் மரைன் சர்வேயராக இருக்கிறேன். போல்காட்டி மரினாவில் நிற்கும் ஸ்பீடு போட்டுகளையும் பார்ப்பதுண்டு. இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

விளம்பரத்தில் போட்ட வேகத்தை அப்படியே நம்பவேண்டாம். விற்கிறவர் அடித்துவிடுவார். நீங்களே கணக்குப் போடலாம். எஞ்சினின் சுற்று எண்ணிக்கையைப் பிட்ச் அங்குலத்தால் பெருக்கி, கியர் விகிதத்தால் வகுத்து, மறுபடி 1,215ஆல் வகுத்தால் நாட் கணக்கில் வரும். உங்கள் எஞ்சின் முழு த்ராட்டிலில் 5,800 சுற்று, பிட்ச் 19, கியர் விகிதம் 2.15 என்று வைத்துக்கொள்வோம். 42 நாட் வருகிறது. தண்ணீரில் ப்ரொப்பெல்லர் கொஞ்சம் வழுக்கும், அதற்கு 12 சதவீதம் கழித்தால் 37. அப்போ விற்றவர் யோக்கியர்தான். உங்கள் எஞ்சினின் உண்மையான எண்களைக் கையேட்டில் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். சின்ன பிட்ச் மாட்டினால் வேகம் அதே அளவு குறையும் என்று நினைக்காதீர்கள், எஞ்சின் சுற்று ஏறி அதில் ஒரு பங்கை ஈடுகட்டிவிடும்.

இன்னொன்று, பாவித்த ரிப் என்றால் முதலில் தகட்டைப் பாருங்கள். அதிகபட்ச எஞ்சின் வலு கிலோவாட்டில் போட்டிருக்கும். 115 குதிரைத்திறன் என்பது சுமார் 85 கிலோவாட். தகட்டில் 75 என்று இருந்து பின்னால் 115 தொங்கினால், நீங்கள் எந்த வேகத்தை எழுதினாலும் சிக்கல்தான். முன்பு வைத்திருந்தவர் எஞ்சினை மாற்றியிருப்பார், தகட்டை மாற்ற முடியாது.

இந்தியாவில் இருப்பவர்கள் கவனிக்க: அய்யா சொன்ன விகிதாசாரக் கழிவு இங்கிலாந்துச் சட்டம். அங்கே 2015ஆம் ஆண்டு இன்சூரன்ஸ் சட்டம் 2016 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தபோது, கொடுத்த உறுதியை மீறினால் பாலிசி அப்போதே செத்துவிடும் என்ற பழைய விதியையும் எடுத்துவிட்டார்கள். நம்மிடம் 1963ஆம் ஆண்டு மரைன் இன்சூரன்ஸ் சட்டம். உறுதியை அச்சு அசலாகக் காப்பாற்றவேண்டும், அது விபத்துக்குச் சம்பந்தப்பட்டதா இல்லையா என்பது கணக்கில் வராது. 17 நாட் உறுதி பாலிசியில் இருக்க, 30 நாட் படகு ஜெட்டியில் கட்டியபடியே தீப்பிடித்தாலும் 'உறுதி மீறல்' என்று நோட்டீஸ் வரலாம்.

வதிரிப்பொடியன்:

அண்ணை, கொச்சி அண்ணா, இருவருக்கும் பெரிய நன்றி. தகட்டைப் போய்ப் பார்த்தேன். 86 கிலோவாட் வரை என்று இருக்கிறது, தப்பினேன். ப்ரொப்பெல்லர் உண்மையிலேயே 19 பிட்ச்.

இன்னும் ஒரு கேள்வி. பிள்ளைகள் டோனட்டில் (காற்றடைத்த வளையம்) இருந்து, படகால் இழுபட்டுப் போக ஆசைப்படுகிறார்கள். அது 15 நாட்தானே, அதற்கும் ஏதாவது இருக்கிறதா?

பழைய கிளெயிம் மேசை:

இருக்கிறது. 1985 வாசகத்தில் தண்ணீர்ச் சறுக்குக்காக இழுக்கப்படுபவருக்கு நேரும் காயத்துக்கான பொறுப்பு காப்புறுதிக்கு வெளியே. கயிற்றைப் பிடிக்க ஆயத்தமாகும் நேரத்திலிருந்து திரும்பப் பத்திரமாகப் படகில் ஏறும்வரை வெளியேதான். காசு கட்டினால் அதை நீக்கித் தருவார்கள். டோனட் என்றும் பெயர் சொல்லிக் கேளும், 'ஸ்கி' என்று மட்டும் எழுதித் தந்தால் வாங்காதீர். தொலைபேசியில் பெண்பிள்ளை 'ஓம் சேர், கவர் ஆகும்' என்று சொன்னதை என் மேசையில் யாரும் ஆதாரமாக எடுத்ததில்லை, மின்னஞ்சலில் வாங்கும். அப்புறம், இழுக்கும்போது ஓட்டுபவரைத் தவிர இன்னொருவர் பின்னால் பார்த்துக்கொண்டு படகில் இருக்கவேண்டும் என்று சில பாலிசிகள் கேட்கும்.

ஜெட்ஸ்கி வேலன்:

அண்ணை, என் ஜெட்ஸ்கி பாலிசியைத் திறந்து பார்த்தேன். அதிகபட்ச வேகம் என்ற இடத்தில் புரோக்கர் 40 என்று தானாகப் போட்டிருக்கிறார். என்னுடையது 58 ஓடும். நாளைக்கே போன் பண்ணவேண்டுமா?

பழைய கிளெயிம் மேசை:

போன் அல்ல, மின்னஞ்சல். இன்றைக்கே.